பெரியம்மாவை ஏற்றிப்போன ஸ்னோ ஸ்கூட்டர்

இயந்திரம் தெரிந்தவன் என்று பெயரெடுக்க இயந்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நகத்துக்குள் கொஞ்சம் கிரீஸ் இருந்தால் போதும். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் எனக்கு அது தாராளமாக இருந்தது. லண்டன் டூட்டிங்கில் பீட்சா கொண்டுபோகும் ஸ்கூட்டர்களைத் திருத்தும் கடையில் வேலை. (நான் கழற்றுவேன். திருத்துவதும் பூட்டுவதும் முதலாளி.)

றெஜினாவை நான் கட்டுவதென்று எங்கள் இருவருக்குள்ளும் அப்போது முடிவாகியிருந்தது. அவள் வீட்டில் ஆகவில்லை. முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய திரேசாப் பெரியம்மா. அவர் தலையாட்டாமல் அந்தக் குடும்பத்தில் சோபாகூட மாற்ற மாட்டார்கள்.

றெஜினாவின் அண்ணன் ஜெயன், வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத் தோர்ண்டன் ஹீத்துக்குக் குடிவந்தவர். வரும்போது கட்டில், அலுமாரியோடு பனியில் ஓட்டும் ஒரு ஸ்னோ ஸ்கூட்டரையும் வான் வண்டியில் ஏற்றி வந்துவிட்டார். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் போர் டாங்கிக்கு இருப்பது போல ஒரு பட்டி. லண்டன் மழையில் தார்ப்பாய்க்குக் கீழே, அவர் மனைவியின் ஏச்சைக் கேட்டபடி அது தோட்டத்தில் கிடந்தது.

அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்திருந்த ஞாயிறு விடிந்தபோது முழங்கால் வரை பனி. (உண்மையில் கணுக்கால் வரை. வருடா வருடம் சொல்லச் சொல்ல ஏறிவிட்டது.) பஸ் ஓடவில்லை. (உதவிக்கென்று நான் முதல் நாளே வந்து தங்கியிருந்தேன்.) கோயில், தெருவோடு ஏறும் மேட்டின் உச்சியில். ஞானத்தாயாக நிற்க வேண்டிய பெரியம்மா வீடு அடிவாரத்தில்.

ஜெயன் அண்ணை முகத்தில் திருநாள் வெளிச்சம். தார்ப்பாயை இழுத்தெறிந்து ஸ்டார்ட் செய்தார். தோட்டத்துச் சின்ன ஏற்றத்திலேயே இயந்திரம் சோர்ந்து அமுங்கியது.

“பின் கிளச் ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு” என்றார்.

“ஸ்கூட்டர்தானே அண்ணை, நான் பாக்கிறன்.”

“உமக்கு ஏலுமோ?”

“கண்ணை மூடிக்கொண்டு செய்வன்.” (ஜன்னலில் றெஜினா நின்றாள்.)

“ஒரு ஓட்டை மட்டும் தள்ளிப் பூட்டும். கூட இறுக்கிப்போடாதையும்” என்று சொல்லிவிட்டு அவர் கோட் போட உள்ளே போனார்.

ஸ்பிரிங்கின் நுனியைச் செருக வரிசையாக ஓட்டைகள். தள்ளத் தள்ள இறுக்கம் கூடும். ஒரு ஓட்டைக்கே மேடு ஏறுமென்றால், கடைசி ஓட்டைக்குப் பறக்காதா? முறுக்கினேன். ஸ்பிரிங் என் கையிலிருந்து துள்ளி, வேலி தாண்டி, பக்கத்து வீட்டார் செய்து வைத்திருந்த பனிமனிதனின் தலையைக் கொண்டுபோனது. வேலி ஏறிக் குதித்து எடுத்து வந்தேன். இரண்டாம் தடவை எல்லாவற்றையும் நெஞ்சோடு கட்டிப்பிடித்து, முக்கி முனகி, கடைசி ஓட்டையிலேயே மாட்டினேன்.

ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகினால் பெல்ட் மேலேறாது, எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வண்டி முதல் கியரில் போவது போல ஊர்ந்தபடியே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

“முடிஞ்சுதோ?”

“ஓம் அண்ணை. பறக்கும்.”

குழந்தையைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் கோயிலுக்கு நடந்தார்கள். தகப்பன் கோயிலில் நிற்க வேண்டுமென்று ஜெயன் அண்ணை வண்டியை என்னிடம் தந்தார்; நான் அதில் பெரியம்மா வீட்டுக்கு இறங்கினேன். பனிக்குப் பயந்து ஊர்ந்துதான் போனேன். அதனால் ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மா காஞ்சிபுரம் பட்டோடும், கொண்டைக்கு மேல் ஹெல்மெட்டோடும் பின்னால் ஏறினார். மேட்டைப் பார்த்து விசையை அமுக்கினேன்.

விமானம் கிளம்புவது போல ஒரு அலறல். தெருவில் ஜன்னல் சீலைகள் எல்லாம் விலகின. வண்டியோ திருநாளுக்கு மாதா சொரூபம் கொண்டுபோகும் வேகத்தில் நகர்ந்தது. வாசலுக்கு வந்தவர்கள் கை காட்டினார்கள். வேறு வழியில்லாமல் பெரியம்மாவும் கை காட்டினார்.

பின்னாலிருந்து ஒரு பொலிஸ்காரர் ஓடி வந்தார். எங்களை நெருங்கியதும் ஓட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. பக்கத்தில் நடந்தபடியே ஏதோ கேட்டார்.

“என்னவாம் தம்பி?” என்று பெரியம்மா கத்தினார்.

“எங்க போறம் எண்டு கேக்கிறார் அன்ரி!”

“எங்கையும் போகேல்லை எண்டு சொல்லும்!”

றப்பர் கருகும் மணம் வந்தது. “நிப்பாட்டும். நான் இறங்கி நடக்கிறன்” என்றார். சேலையைத் தூக்கிச் செருகி, பொலிஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறினார். அலறிக்கொண்டு பின்னால் போன எனக்கு அவர்களைப் பிடிக்கவே முடியவில்லை.

உள்ளே சுவாமியார், “பசாசை விட்டுவிடுகிறீர்களா?” என்று கேட்ட அதே நொடியில் நான் அந்த அலறலோடு கோயில் வாசலை அடைந்தேனாம். முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்ததாம். ஜெயன் அண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டாராம்.

சடங்கு முடிந்து விருந்து நடந்த மண்டபத்துக்குள் கரி பிடித்த முகத்தோடு நுழைந்தேன். பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொலிஸ்காரர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, அந்தச் சாமானை இனித் தெருவில் கண்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று எச்சரித்துவிட்டு, இன்னொரு ரோல்ஸுக்குத் திரும்பினார். றெஜினா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். சிரிப்பு.

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, எனக்குச் சம்மதம். எங்கட பிள்ளையை விட்டிட்டு நீர் ஓடிப்போகப் பாத்தாலும், நான் நடந்து வந்தே பிடிச்சுப்போடுவன்.”

கட்டிக்கொண்டோம். இன்று என்னிடம் நல்ல கார் இருக்கிறது. கோயிலுக்கு ஏற்றிப்போக வரட்டுமா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தால், போனை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்:

“வேண்டாம் தம்பி, எனக்கு இண்டைக்கு அவசரம். நான் நடந்து போறன்.”