தூங்குமூஞ்சி மரத்தின்மேல் ஒரு பொட்டு

இரவல் வாங்கிய புத்தகத்துக்குப் பொட்டு வைப்பவர்களை எந்தச் சட்டத்தின் கீழ்த் தண்டிப்பது என்று தெரியாமல், சரஸ்வதி பூஜைப் பலகையின்முன் கொதித்து நின்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ரகுபதி.

பலகையில் இருந்தது, 'நம் நகரத்துச் செடிகள்' என்னும் பழைய சிறுவர் படப்புத்தகம். அட்டையில் சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீடுகள். அவற்றின்முன் குடை விரித்த தூங்குமூஞ்சி மரம். மரத்தின் நடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம். அருகிலிருந்த அகராதிக்கும் சமையல் குறிப்புக்கும் இல்லாத மரியாதை இதற்கு மட்டும்!

நாளைய பழைய புத்தகக் கண்காட்சிக்காக, உள்ளிருக்கும் செடிகளைப் பற்றிக் குறிப்பு எழுதித் தருமாறு நண்பர் அப்துல் காதர் கொடுத்த புத்தகம் அது. பழுப்புத்தாள் உறை போட்டே கொடுத்தார்.

"உள்ள எவ்வளவு வேணும்னாலும் படிங்கண்ணே. உறையை மட்டும் கழட்டிடாதீங்க. அட்டைதான் உயிரு."

"கொடுத்தது கொடுத்தபடியே திரும்பி வரும்," என்று வாக்களித்திருந்தார் ரகுபதி. முப்பது ஆண்டுப் பணியில் அவர் வாக்குத் தவறியதில்லை.

உறையோ இப்போது குப்பைத்தொட்டியில் கிடந்தது. கழற்றிய மனைவி கமலம், கைப்பேசியையும் மறந்துவிட்டுத் தேக்கா சந்தைக்குப் போயிருந்தாள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. ரகுபதி கலைமகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொட்டார்.

தொலைபேசி அடித்தது.

"அண்ணே, லிட்டில் இந்தியாவுல ரயில் ஏறிட்டேன். புத்தகம் ரெடி லா?"

"வாங்க காதர்... மெதுவாவே வாங்க!"

ஈரப்பஞ்சால் துடைத்தார். குங்குமம் அசையவில்லை; மரத்தின் பச்சை அசைந்தது. வீடமைப்புக் கழகத்தின் அனுமதியின்றி மூன்றாம் மாடிவரை தழைத்தது. காலையில் வைத்த குங்குமத்துக்கு இத்தனை பிடிவாதமா!

கூந்தல் உலர்த்தியைக் காட்டினார். ஈரம் போயிற்று. அட்டை அப்பளம்போல் வளைந்தது.

"பொட்டானிக் கார்டன்ஸ் தாண்டிட்டேன்ணே. அங்க என்ன சத்தம்?"

"காத்து, காதர். வெறும் காத்து!"

செய்தித்தாளை மேலே விரித்து இஸ்திரி போட்டார். அட்டை நிமிர்ந்தது. செய்தித்தாளில் இருந்த புடவைத் தள்ளுபடி விளம்பரம், இடவலம் மாறி மரத்தடியில் குடியேறியது.

"அண்ணே, கேஷ்யூ ஸ்டேஷன் வந்தாச்சு. அடுத்தது உங்க புக்கிட் பாஞ்சாங்தான்."

ரகுபதி இறுதியாக அழிப்பானை எடுத்தார். ஆயிரம் மாணவர்களின் பிழைகளை அழித்த அனுபவம் கைகொடுத்தது. விளம்பரம் போயிற்று. குங்குமம் போயிற்று. மரமும் போயிற்று. அடுக்குமாடி வீடுகளுக்கு முன்னால் வெள்ளை வட்டம் ஒன்று எஞ்சியது.

அழைப்புமணி ஒலித்தது. வாசலில் காதர், அவருக்குப் பின்னால் கமலம்.

"லிஃப்ட்ல அக்காவைப் பார்த்தேன்," என்ற காதர், நீட்டப்பட்ட புத்தகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"தப்பு என் வீட்டுலதான், காதர். இவ பொட்டு வச்சுட்டா. அதைத் துடைக்கப் போய்..."

"நானா?" கமலம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். "நல்லா இருக்கே! குங்குமம் தீந்துபோச்சுன்னுதானே தேக்காவுக்கே போனேன்? இனிமேதான் எல்லாப் புத்தகத்துக்கும் பொட்டு வைக்கணும்."

காதர் நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

"அப்ப மொதப் பொட்டை இதுக்கு வைங்கக்கா. அறுபது வருஷத்துக்கு முந்தி ஏதோ ஒரு பிள்ளை வச்ச பொட்டைப் பார்க்கத்தான் நாளைக்குச் சனம் வருது."