ராக்கன் சாமி வாய் கொப்புளித்த கதை

திருமயம் நெருங்கியதும் கண்டக்டர் கத்துவார்: "சாமி வீட்டுக்கெல்லாம் எறங்குங்க!" பாதி பஸ் காலியாகும். கோட்டை பார்க்க வந்தவர்கள்கூட இறங்கிவிடுவார்கள். கோட்டையில் என்ன இருக்கிறது, வெறும் கல்! ராக்கன் சாமி நம் வயிற்றில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினால், யாரோ சோற்றில் வைத்த இடுமருந்து முடி உருண்டையாக வெளியே வந்துவிடும். சர்க்கரை வியாதிக்கும் இடுமருந்துதான் காரணம். மகன் பிளஸ் டூ ஃபெயிலானதற்கும் அதுதான்.

செவந்திக்கு மார்பில் புற்று. ஆபரேஷன் செய்த டாக்டர் ஐந்து வருடம் மாத்திரை சாப்பிடச் சொன்னார். ராக்கன் சாமி வேறு காரணம் கண்டுபிடித்தார். "ஒன் நாத்தனா மீன்கொழம்புல வச்ச மருந்து இது. மாத்திரைதான் அதுக்குத் தீனி. நிறுத்து!" நிறுத்திவிட்டாள். அடப்பாவி! வயிற்றில் மிச்சமிருந்த இடுமருந்தை எடுக்க அவள் மறுபடி கிளம்பியபோது, பழி சுமந்த நாத்தனார் கலைமதியும் கூடவே வந்தாள்.

"மதினி, ஒங்க கட்டிய டெஸ்ட் பண்ணி டாக்டரு என்ன சொன்னாரு? அந்த செல்லுல ஹார்மோன் ஒக்கார சீட்டு இருக்கு. எவளும் வச்சதில்ல, ஒடம்புல தானா ஊறுற ஹார்மோன்தான். அது ஒக்காந்தா 'வளரு, வளரு'ன்னு உள்ள சேதி போகும். மாத்திரை முந்திப் போயி சீட்ல துண்டு போட்டு வைக்குது. நீங்க துண்ட எடுத்துட்டீங்களே!"

"சாமி பொய் சொல்லுமா கலைமதி?"

வரிசையில் உட்கார்ந்து கலைமதி சாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவருக்கும் முன்னால் காவித்துணியால் வாயைத் துடைக்கிறார். அதன் பிறகு வாயே திறப்பதில்லை. மௌனமாம்!

செவந்தி முறை வந்தது. சாமி வாயைத் துடைத்துக் குழாயை எடுத்தார். கலைமதி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"என் மேல விழுந்த பழி சாமி. வாயக் கொப்புளிச்சிட்டு உறிஞ்சுங்க."

சாமி தலையை ஆட்டி மறுத்தார்.

"தண்ணிதானே சாமி!" என்றது கூட்டம், பக்தியோடு.

வேறு வழியில்லாமல் ஒரு மடக்கு வாங்கினார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. கடைசியில் புரையேறி இருமினார். டம்ளருக்குள்ளேயே விழுந்தது முடி உருண்டை.

"கொழாயே வைக்கலியே சாமி, அதுக்குள்ள எப்படி வந்துச்சு?" என்றாள் கலைமதி.

"ஐயையோ, சாமிக்கே எவளோ மருந்து வச்சுட்டாளே!" என்று ஒரு பக்தை ஒப்பாரி வைத்தாள்.

செவந்தி நாத்தனார் கையைப் பிடித்து அழுதாள். "ஒன்னப் போயி சந்தேகப்பட்டேனே. வா, இங்கிட்டிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். டாக்டரு திட்டுனா திட்டட்டும்."

அவள் சீட்டுக்கு மாத்திரை துண்டு போட்டுவிடும். நம் மண்டைக்குள் கண்ட சாமியும் ஏறி உட்காருகிறதே, அங்கே துண்டு போட எந்த டாக்டர் வருவார்? அறிவு சும்மாதானே கிடக்கிறது, எடுத்துப் போடுங்களேன்!