உட்கார்ந்து பேசும் வைத்தியம்

அன்புள்ள சின்ன மைத்துனனுக்கு,

அத்தான் ஆசியுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

ஒரு மாறுதலுக்கு அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று உன் அண்ணனை இங்கே அனுப்பிவைத்தாயே, அன்றைக்குப் போனில் உன் குரலில் அவ்வளவு சந்தோஷம் ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. ஆலையில் தொழிலாளர் சங்கத்துக்காக நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடத்தியே ஓய்வுபெற்ற மனிதர். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: "உட்கார்ந்து பேசினாத் தீராத விஷயமே கிடையாது." அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் சர்வரோக நிவாரணி. உன் அக்கா கைகண்ட மருந்து என்கிறாள். எனக்கும் ஒரு பெயர் தோன்றுகிறது, மரியாதைக்காக எழுதவில்லை.

முதலில் மாட்டியவர் மாடி வீட்டுக்காரர். அவர் வீட்டுக் குழாய் ஒழுகி எங்கள் குளியலறைச் சுவர் ஈரமாகும்போதெல்லாம் நான் துடைப்பக் கட்டையால் சீலிங்கில் இரண்டு தட்டு தட்டுவேன், அவர் குழாயை இறுக்குவார், வருஷக்கணக்காக இப்படித்தான் ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. உன் அண்ணன் அவரைக் கீழே வரவழைத்து, எதிரெதிரே நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து, மனதில் உள்ளதைக் கொட்டச் சொன்னார். மனிதர் கொட்டிவிட்டார். விடிகாலையில் நான் தொண்டையைக் காறுகிற சத்தத்தில் அவர் வீட்டுக் கைக்குழந்தை தினமும் வீரிட்டு எழுகிறதாம். இப்போது ஏழு மணிக்கு முன்னால் எனக்குத் தொண்டையே கிடையாது. சுவர் பழையபடி ஈரமாகத்தான் இருக்கிறது, துடைப்பத்தால் தட்டுவது ஒப்பந்தப்படி கூடாதாம்.

அடுத்து என் சலவைக் கடைக்கு வந்தார். என்னிடம் துவைக்கிறவரும் இஸ்திரி போடுகிறவரும் எதற்கோ முறைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தியவர்கள், எதற்கென்று அவர்களுக்கே மறந்திருக்கும். ஆனால் வேலை ஒரு நாளும் நின்றதில்லை. அவசரத் துணி என்றால் துவைக்கிறவர் கூடைமேல் சிவப்புக் கிளிப் ஒன்றைக் குத்திவைப்பார், கறை போகவில்லை என்றால் இஸ்திரிக்காரர் சட்டைக் கையை முடிச்சுப் போட்டுத் திருப்பி எறிவார், அவ்வளவுதான் பாஷை. உன் அண்ணன் இருவரையும் சோப்புத் தூள் டின்களின்மேல் உட்காரவைத்தார். சாயங்காலத்துக்குள் அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்து எனக்கே அழுகை முட்டியது. மறு வாரம் எதிர் வரிசையில் இருவரும் கூட்டாகச் சலவைக் கடை திறந்துவிட்டார்கள். "பார்த்தீங்களா மாப்பிள்ளை, எவ்வளவு ஒத்துமையா இருக்காங்க" என்று உன் அண்ணன் என் கடை வாசலில் நின்றே பூரித்துப்போகிறார். நான் உள்ளே யாருடைய போர்வையையோ அலசிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். முந்தாநாள் என்னையும் உன் அக்காவையும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டார்.

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லையே மச்சான்" என்றேன்.

"ஒண்ணும் இல்லைங்கிற இடத்துலதான் நிறைய இருக்கும். நீ சொல்லும்மா."

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "இவர்கிட்ட எதைச் சொன்னாலும் 'ம்' கொட்டுவார் அண்ணா. காதுல வாங்கறதே இல்ல. பொண்ணு வேலை கிடைச்சுக் கிளம்பிப் போன புதுசுல வீடே வெறிச்சுன்னு கிடந்துது. ஒரு நாள் வெறுத்துப்போய், நான் வீட்டை விட்டுப் போறேன்னு சொன்னேன். பேப்பரைக் கீழ இறக்காமலே, 'ம், வரும்போது பால் வாங்கிட்டு வா'ன்னார்."

"நீ விளையாட்டுக்குத்தானே சொல்லியிருப்ப?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்" என்றாள். "அங்க உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பாலை வாங்கிட்டு வந்தேன்."

எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை மைத்துனா. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. அந்தப் பாலில் காபி போட்டுக் குடித்திருப்பேன்.

முதல் சுற்று அருமையாகப் போனது என்று உன் அண்ணன் கையைத் தட்டி எழுந்துவிட்டார். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. மடித்த சட்டை கட்டிலில் இருக்கிறது, சாப்பாடு மேஜையில் இருக்கிறது, நான் ஓர் அறைக்குள் போனால் அவள் அடுத்த அறைக்குப் போகிறாள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன், கடையில் துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன். இரண்டாம் சுற்று வெள்ளிக்கிழமையாம். அதில் அவள் நிஜமாகவே கிளம்பிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே வியாழனுக்குள் எப்பாடுபட்டாவது வந்து உன் அண்ணனை அழைத்துக்கொண்டு போ, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நீண்ட ஆயுளோடு, முடிந்தவரை உட்காராமல் இருங்கள்.

இப்படிக்கு,
நிம்மதி போன அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா வந்து, "யாருக்கு எழுதறீங்க?" என்று கேட்டாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். பஸ் ஸ்டாண்டு வருகிற இடத்தில் சிரிக்கவில்லை. "அண்ணன் போயிட்டா நீங்க பழையபடி ஆயிடுவீங்க. அவர் இங்கயே இருக்கட்டும்" என்றாள். வாய் வரைக்கும் வந்த 'ம்' ஒன்றை விழுங்கிவிட்டு, "வேற என்னென்ன சொல்லி நான் கேக்காம விட்டேன்?" என்றேன். "நிறைய இருக்கு" என்று எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். உன் அண்ணனின் மிச்சத் துணிமணிகளையும் மூட்டை கட்டி அனுப்பிவிடு. அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே நானே துவைத்துக்கொள்கிறேன்.