இடது கை மூங்கில்

இலங்கையின் ஊவா மாகாணத்திலேயே மூங்கில் வரைவதற்காக இரண்டு வருடம் இடது கையால் சோறு சாப்பிட்ட மனிதர் ஒருவர்தான். அவரை ஸ்டென்சில் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் கிளார்க். ஸ்டென்சிலுக்கு அங்கே ஒரே வேலை. எழுத்து வெட்டிய ஸ்டென்சில் தகட்டைத் தேயிலை மூட்டையின் மேல் வைத்து, கறுப்பு மை பூசி, தரத்தையும் இலக்கத்தையும் பதிக்க வேண்டும். இருபது வருடமாக அவருடைய பிரஷ் தகட்டின் ஓட்டையை விட்டு வெளியே போனதில்லை.

ஒருமுறை தேயிலை வாங்க வந்த சீனர்கள் ஆபீசுக்கு ஒரு காலண்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். மார்ச் மாதத்துக்கு ஒரு மூங்கில் படம். கையெழுத்துப் போட வந்த ஸ்டென்சில் அதன் முன்னால் நின்றவர் நகரவேயில்லை.

"கிளாக்கரய்யா, இதுல வெளிக்கோடே இல்லங்க. ஒரே இழுப்புல ஒரு கணு. தப்பாப் போனா அழிக்கவும் முடியாது."

"அதுக்கு?"

"நான் இதப் பழகப்போறேன்."

ஏப்ரல் பிறந்ததும் தாளைத் திருப்பப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆபீசில் செப்டெம்பர் வரை மார்ச்தான். தோட்டத் துரைக்கு எழுதிய கடிதத்தில் நானே மார்ச் என்று போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிரஷ் செய்ய ஆட்டு முடி நல்லது என்று எங்கோ கேள்விப்பட்டார். மறுநாள் பக்கத்து லயத்து வீட்டு ஆடு தாடி இல்லாமல் நின்றது.

"ஏண்ணே, ஆட்டோட தாடிய யாரு வழிச்சது?" என்று ஆட்டுக்காரி வந்து கேட்டாள்.

"கோவிச்சுக்காத தங்கச்சி, வளந்துரும். எனக்கும் இன்னும் கொஞ்சம் தேவப்படும்."

மைக்குத் தொழிற்சாலை அடுப்பின் புகைக்கரி கிடைத்தது. தாள்தான் கிடைக்கவில்லை. மையை உறிஞ்சுகிற தாள் வேண்டும் என்று பதுளைக் கடைகளில் ஒவ்வொரு தாளாக நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். மூன்றாவது கடை முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, நக்கிப் பாத்து வாங்க இது பலகாரம் இல்லங்க." கடைசியில் பழக்கடையில் ஆப்பிள் சுற்றி வரும் மெல்லிய தாள்தான் அவர் நாக்குக்குச் சரிப்பட்டது.

குரு, போனில் ஒரு வீடியோ. யாரோ ஒரு சீனத்து ஆசிரியர். பேச்சு ஒரு சொல் புரியாது. ஸ்டென்சில் கையை மட்டும் பார்த்தார். ஆசிரியர் இடது கையால் வரைந்தார். ஆகவே இவரும் இடது கைக்கு மாறினார். படத்தின் மூலையில் அவர் போட்ட எழுத்தையும் அப்படியே பழகினார். வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு சாப்பாடு, சவரம் எல்லாவற்றையும் இடது கைக்குப் பழக்கினார். பூனாகலையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இடது கையால் திருநீறு பூசப் போக, பந்தலே எழுந்து நின்றது.

"மாமா, கையில அடிபட்டுருச்சா?" என்றான் மாப்பிள்ளை.

"இல்ல மாப்ள, பழக்குறேன்."

அவர் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரம் நிம்மதியாக வரைந்ததாகச் சொன்னார்.

தினமும் வேலைக்கு வருமுன் இருபது தாள். முதல் வருடம் முழுக்கக் கரும்புதான் வந்தது. பிறகு கொஞ்ச நாள் தண்ணீர்க் குழாய். ஒருநாள் காலையில் ஒரு தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இலைகள் காற்றில் திரும்பியிருந்தன. அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை.

பதுளையில் ஓவியக் கண்காட்சி ஒன்று வந்தது. ஸ்டென்சில் படங்களை எடுத்துக்கொண்டு போக, நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தோட்டத்து ஆளுக்குச் சீனாக்காரன் படம் எதுக்கு? கொழுந்து பறிக்கிற பொம்பளைங்கள வரைஞ்சு கொண்டு வாங்க" என்றார்.

"தேயிலையும் சீனாவுல இருந்துதாங்க வந்துச்சு. அத யாரும் திருப்பி அனுப்பலயே" என்றார் ஸ்டென்சில்.

படங்கள் திரும்பி வந்தன. ஸ்டென்சில் அடுத்த ஞாயிறே தெமோதரை ஸ்டேஷனில் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலை மறைக்காமல் மாட்டச் சொன்னதோடு சரி. அதன்பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கண்காட்சிதான்.

அப்படி ஒரு ஞாயிறு நான் பதுளை ரயிலுக்குக் காத்திருந்தபோது, சுற்றுலா வந்த வயதான சீனப் பெண்மணி ஒருவர் கயிற்றுக்கு முன்னால் நின்றார். படத்தின் மூலையிலிருந்த சீன எழுத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு தன் போனிடம் பேச, போன் தமிழில் கேட்டது: "எழுத்துகள் ஏன் திரும்பியிருக்கின்றன?"

ஸ்டென்சில் தன் வீடியோவைக் காட்டினார். அம்மையார் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். போன் நிதானமாகச் சொன்னது: "இந்த வீடியோ கண்ணாடி போலத் திரும்பியுள்ளது. ஆசிரியர் வலது கைக்காரர். நீங்கள் மூலையில் எழுதியிருப்பது அவருடைய பெயர்."

இரண்டு வருடம். எனக்கு ஸ்டென்சிலின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"வலது கைக்கு இருபது வருசமா ஓட்டைய அடைக்க மட்டுந்தாங்க தெரியும். இந்த இடது கைதான் சுத்தமாக் கத்துக்கிட்டது. நான் இதுலயே போட்டுக்கிறேன்."

போன் அதைச் சீனத்தில் சொன்னது. அம்மையார் தலையசைத்தார். ஒரு படத்தைத் தொட்டு, இது எனக்கு வேண்டும், ஆனால் உங்கள் பெயரோடு வேண்டும் என்றார். ஸ்டென்சில் அந்தப் படத்தை அவிழ்க்கவில்லை. "புதுசாப் போட்டுத் தாறேன்" என்று பெஞ்சில் தாளை விரித்து, மையைக் குழைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பதுளை ரயில் இரைந்துகொண்டு வந்தது. ஆப்பிள் தாள், மூச்சுவிட்டாலே பறக்கும்.

"ரயில் வந்துருச்சு கிளாக்கரய்யா, போங்க" என்றார், தலை நிமிராமல்.

நான் குனிந்து தாளின் இரண்டு ஓரங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ரயில் நின்றது, போனது. அடுத்தது எத்தனை மணிக்கு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.