பெருமாள் மலையில் நான் ஏறியது ஏனென்றால்

ராஜபாளையம்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அத்தான் ஞானரத்தினம் அவர்களுக்கு, மைத்துனன் தேவநேசன் பணிவுடன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் ஜூடியும் சுகம். ஜூடியின் மூக்கு மட்டும் பனியில் தோல் உரிந்து சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. அதுவும் ஆறி வருகிறது. அங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்களும் என் அக்காள் ஞானபாக்கியமும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நாங்கள் ஊரில் இல்லாதபோது வந்த தங்கள் கடிதம் கேட்டில் செருகியிருந்தது. நான் துளசி மாலையோடு தங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் நிற்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் அங்கே மடவார் வளாகம் தெரு வரை சுற்றித் தங்கள் கைக்கு வந்ததாகவும், நம் குடும்பத்து ஆடு ஒன்று வழிதப்பிவிட்டதாகவும், நானாகச் சபைக் கமிட்டியிலிருந்து விலகாவிட்டால் கமிட்டித் தலைவர் என்ற முறையில் தாங்களே விலக்கிவிடப் போவதாகவும், அதுவரை அக்காள் எங்கள் வாசலை மிதிக்க மாட்டாள் என்றும் எழுதியிருந்தீர்கள். போட்டோ உண்மை. மாலை உண்மை. ஆடு வழிதப்பவில்லை அத்தான், மலைதான் ஏறியது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், செத்த பொறுமையாக வாசிக்கவும்.

ஜூடி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது தாங்கள் அறிந்ததே. மற்ற வீட்டுப் பிள்ளைகள் அம்மாவுக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுக்கும். பெங்களூரில் இருக்கிற எங்கள் ஷெரின் இமயமலையில் நடந்து ஏறுகிற பயணத்துக்கு ஜூடி பேரைப் பதிவு செய்துவிட்டாள். பனி மேல ஒருநாள் நிக்கணும்னு அம்மா எப்பவோ சொன்னாளாம், என்கிட்ட சொன்னதே இல்ல. தனியா விட மனசில்லாம நானும் கூட வாரேன்னு சொல்லிட்டேன். என் திட்டம் வேற அத்தான். பாதி மலை வரைக்கும் போக வேண்டியது, நெஞ்சுவலி வயித்துவலின்னு எதையாவது சொல்லி அவளைக் கீழ கூட்டிட்டு வந்துர வேண்டியது. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. மில்லுல அம்புட்டு வருசம் மெயின்டனன்ஸ் பாத்தும் ஏணியில அடுத்தவன ஏத்திவிட்டுட்டு நான் கீழ நின்னு பிடிச்சுக்கிடுவேன். மொட்டை மாடிக்கு வத்தல் காயப்போடக்கூட ஏறினவனில்ல.

பயணத்துக்கு முன்னால தினமும் படியேறிப் பழகணும்னு மலையேத்தக் கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு நவநீதகிருஷ்ணன் இதைக் கேட்டுட்டு, "படிதானே வேணும் சார்? எங்க பெருமாள் நெறைய வச்சிருக்காரு, வாங்க" அப்படின்னு ஸ்கூட்டர்ல ஏத்திட்டாரு. அது புரட்டாசி சனிக்கிழமைன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாதியில உக்காந்துருவோம்னு பாத்தா உக்கார இடமில்ல, நிக்கவும் இடமில்ல, சனங்களே என்னைத் தூக்கிட்டுப் போய் மேல வச்சுருச்சு. மூச்சு வாங்குது. மூச்சு முட்டினா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கன்னு ஜூடி சொல்லிக் குடுத்திருந்தா. தூக்குனேன். கண்ணுல தண்ணி ஊத்துது, வாயில "ஆ, ஆ"ங்கிறதத் தவிர ஒரு சத்தமும் வரல. அதைப் பாத்த ஒரு அம்மா, "அய்யாவுக்கு அருள் வந்துருச்சு"ன்னு தன் கையிலிருந்த மாலையை என் கழுத்துல போட்டுட்டாங்க. இல்லன்னு சொல்ல மூச்சு வேணுமே அத்தான்! ரெண்டு பேரு கால்ல விழுந்துட்டாங்க. நவநீதகிருஷ்ணன் போட்டோ எடுத்தாரு. விசயம் இம்புட்டுதான்.

பொறவு டேராடூன் போயி, அங்கிருந்து வேன்ல ஒருநாள் பூரா வளைஞ்சு வளைஞ்சு போயி, நடக்க ஆரம்பிச்சோம். எங்க வழிகாட்டி நல்ல மனுசன், இந்தி தவிர ஒண்ணும் தெரியாது. நான் பத்தடி வச்சதுமே பின்னாலிருந்து, "தீரே! தீரே!"ன்னு சத்தம் போட்டாரு. தீரரே, தீரரேன்னு என்னைத்தான் பாராட்டுதாருன்னு நெனச்சு வேகமா நடந்தேன். அவரு இன்னும் சத்தமா "தீரே தீரே"ங்காரு, நான் இன்னும் வேகமாப் போறேன். என் வாழ்க்கையில என்னை யாரு இப்படிக் கூப்பிட்டிருக்கா? கடைசில ஒரு பாறையில கவுந்துட்டேன். ஜூடி ஓடிவந்து நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு, "தீரேன்னா மெதுவான்னு அர்த்தங்க"ன்னா. வடக்கத்தி மில்லுக்காரப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் போட்டு அவ இந்தி படிச்சிருக்கா. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜூடி சொல்லிக் குடுத்து, கூட வந்தவங்க இருந்த அந்தக் கூடாரம் பூரா என்னைப் பாத்து "தீரரே, சப்பாத்தி வேணுமா?"ன்னு கேட்டுச்சு.

கடைசி ஏத்தம் அன்னைக்கு முழங்கால் வரைக்கும் பனி. ரெண்டு பக்கமும் சரிவு, நடுவுல வரப்பு மாதிரி ஒரு தடம். பன்னெண்டாயிரம் அடிக்கு மேல மூச்சை மூட்டையில கட்டிக் கொண்டுவந்தாத்தான் உண்டு. அது வரைக்கும் முன்னால போயிட்டிருந்த ஜூடி சட்டுன்னு பனியில உக்காந்துட்டா. "போதும்ங்க, கீழ பாத்துட்டேன். கால் நகரமாட்டேங்குது. இறங்கிருவோம்" அப்படிங்கா. பாருங்க அத்தான், இதுக்காகத்தான நான் வந்தது? நெஞ்சுவலி வேண்டாம், வயித்துவலி வேண்டாம், தானா வந்து மடியில விழுந்த மாதிரி. ஆனா "இறங்கிருவோம்"னு சொல்லுறப்ப அவ மூஞ்சி இருந்துச்சே, கடையில எடுத்துப் பாத்த பொம்மையைத் திரும்ப அலமாரியில வைக்கிற சின்னப்பிள்ள மூஞ்சி. அம்புட்டு வருசம் நைட் டூட்டி பாத்துட்டு தனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டவ. சரி வான்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன், வந்த வார்த்தை வேற.

"ஏட்டி, எந்திரி. கீழ பாக்காத, என் முதுகைப் பாத்து வா. நான் முன்னால போறேன்."

"நீங்களா?"

"நாந்தான்."

அவ என் பை வாரைப் பிடிச்சுக்கிட்டா. வழிகாட்டி எங்களுக்குப் பின்னால. எனக்குக் கால் நடுங்கின நடுக்கம் குளிருக்குன்னு நானே சொல்லிக்கிட்டேன். "என்னங்க, நடுங்குதீகளே"ங்கா. "பேசாம வா"ன்னேன். அப்படியே ஒரு எட்டு, ஒரு மூச்சு, ஒரு எட்டு, ஒரு மூச்சுன்னு போயி, அடுத்த எட்டு வைக்க மேடு இல்ல. உச்சி! மேகமெல்லாம் எங்களுக்குக் கீழ கெடக்கு அத்தான், மில்லு குடோன்ல பஞ்சைக் கொட்டிவச்ச மாதிரி. ஜூடி சிரிக்கா, அழுதா, மறுபடி சிரிக்கா, ஒரு கை பனியை அள்ளி உருட்டி என் மேல எறிஞ்சா பாருங்க, கண்ணாடியில வந்து அடிச்சுச்சு. கல்யாணமான நாள்லருந்து அவ என் மேல ஒண்ண எறிஞ்சது அதுதான் மொதத் தடவை, எம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சுங்கிறீக! நானும் எறிஞ்சேன். வழிகாட்டி மேலயும் ஒண்ணு பட்டுச்சு. அவரும் எறிஞ்சாரு.

இறங்கையில பாதி தூரம் உக்காந்தே வழுக்கிட்டு வந்ததுல என் பேன்ட்டு பின்னால ஒண்ணுமில்லாமப் போச்சு. அதை விரிவா எழுத வேண்டாம்.

ஆகவே அத்தான், நான் எந்த மதத்துக்கும் மாறவில்லை. பயந்து உக்காந்திருந்தவன் இப்போது பயந்துகொண்டே நடக்கிறவனாக மாறியிருக்கிறேன், அவ்வளவுதான். கமிட்டியில் என் பேரை வைப்பதும் எடுப்பதும் தங்கள் சித்தம். அக்காளை மட்டும் எங்கள் வீட்டுக்கு வர விடுங்கள். இந்த மலைப்பித்து எங்கள் இருவரோடு முடிந்தது, நம் குடும்பத்தில் வேறு யாரையும் தொற்றாது என்று உறுதி கூறுகிறேன். தங்கள் முழங்காலுக்கும் மூச்சுக்கும் கர்த்தர் பெலன் தருவாராக.

தங்கள் அன்பு மைத்துனன்,
தேவநேசன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில அக்கா போன் பண்ணுனா. ஜூடி அனுப்பின பனிப் போட்டோவைப் பாத்துட்டு, வாற மே மாசப் பயணத்துக்குப் பேரு குடுத்துட்டாளாம். தனியா விடமாட்டீகன்னு உங்க பேரையும் சேத்துட்டாளாம். ஷூவுக்குச் சொல்லணும், உங்க கால் எட்டா, ஒம்பதா? நீங்க மத்தியானம் தூங்கும்போது அளக்கப் பாத்தாளாம், எந்திரிச்சுட்டீகளாம்.