தொடரும் அண்ணனும் ஒற்றைக் கையுறை வீரனும்

மனசுக்குள் நினைத்ததை நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, கேட்டவர் மேலேயே தப்பைத் தூக்கிப் போடத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. மீஞ்சூரில் குடியிருந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே சம்பளத்தன்று மட்டும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அவர் 'தொடரும்' அண்ணன்.

நான் அப்போது அதே ஆலையில் ஸ்டோர் கிளார்க். தொழிலாளிகளுக்குக் கையுறை, சோப்பு, முகமூடி கொடுக்கிற வேலை. கிழிந்த பழைய கையுறையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு தருவேன். அதுவும் ரெண்டு கைக்கும் சேர்த்து. அதனால் ஆலையில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அண்ணன் என்னை 'ஸ்டோரு' என்று கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து வந்ததில் அதுதான் மரியாதையான வார்த்தை.

கூரையை ஒட்டி ஓடும் பெரிய கிரேன் அது. மேலே கூண்டு மாதிரி ஒரு கேபின். அண்ணன் அதில் மடியில் ஒரு காமிக்ஸ் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். கீழே விசில் அடித்தால் புத்தகத்தை மூடுவார். கம்பிக் கட்டைத் தூக்கி, சொன்ன இடத்தில் பூப்போல இறக்கிவிட்டு மறுபடி திறப்பார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாயில்தான் எல்லாக் குறையும்.

அறியாத வயசிலிருந்து காமிக்ஸைத் தவிர வேறு எதையும் படிக்காததால் அவருக்கு உலகமே கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எதிரே நின்று பேசுகிறவர் தலைக்கு மேல், காமிக்ஸில் வசனம் எழுதியிருக்குமே, அந்த பலூன் தெரியும். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் ஷிப்ட் முடிகிற நேரத்தில் அவசரப்பட்டு, "கட்டு அப்படியே தொங்கட்டும்ப்பா, லாரி வந்ததும் அடுத்த ஷிப்ட் ஆள் இறக்கிக்குவான்" என்றார். ஆலை இரைச்சலையும் மீறி மேலேயிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

"அறிவு கெட்ட மனுசன்!"

மேனேஜர் முகம் சிவந்து அண்ணாந்து பார்த்தார். அண்ணன் தலையை வெளியே நீட்டி, மிகவும் பணிவாக விளக்கினார்.

"சார், அது பேசினது இல்ல சார். நெனச்சிக்கினது. நெனைக்கிற பலூனுக்கு வாலு இருக்காது, கீழ சின்னச் சின்ன உருண்டையா போவும். அது உங்களுக்குக் கேட்டிருக்கவே கூடாது."

"இறங்கி வாய்யா கீழே!" என்று ஆரம்பித்த மேனேஜர் மூச்சு விடாமல் கத்தினார். அண்ணன் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கி அவருடைய தலைக்கு மேலே பார்த்தார்.

"சார், எழுத்து ஜாஸ்தியாய்க்கினே போவுது சார். பலூனு உங்க மூஞ்சியையே மறைக்குது."

அன்றைக்கு அவருக்கு மெமோ கிடைத்தது. ஆனால் கம்பிக் கட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அதை வாங்க வந்தார். "எதையும் தொங்க வுட்டுட்டு ஊட்டுக்குப் போற பழக்கம் நம்மகிட்ட கெடையாது" என்பார். அது ஒன்றுதான் அவருடைய கொள்கை. அதற்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. அதற்கு வருகிறேன்.

அண்ணனுடைய நிஜமான மேடை காலை லோக்கல் ரயில்தான். மீஞ்சூரில் கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டியில் ஏறுவார். உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். ரெண்டு கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு கட்டம் பிடித்து, "மொத கட்டம். மழை. தூரத்துல ஒரு கோட்டை" என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், பெட்டியில் பேச்சு நின்றுவிடும். சின்னக் கட்டம் என்றால் விரலோடு போய்விடும். "இது ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே படம்" என்று சொன்னால் மட்டும் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒதுங்க வேண்டும். கையை அப்படி விரிப்பார். என் டிபன் கேரியர் எத்தனை முறை தண்டவாளத்தைப் பார்க்கப் போய் வந்திருக்கிறது!

வண்டி கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் நுழையும்போது கதாநாயகி மேல் கூரை இடிந்து விழும், அல்லது வில்லன் துப்பாக்கியை எடுப்பான். அண்ணன் கையை இறக்கி, "தொடரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். பெயர் வந்தது அப்படித்தான். ஒருநாள் நாங்கள் ஏறியது கும்மிடிப்பூண்டியோடு நிற்காமல் சூலூர்ப்பேட்டை வரை போகும் வண்டி. அண்ணன் கதை வேகத்தில் 'தொடரும்' சொல்ல மறந்துவிட்டார். அவர் சொல்லாமல் யாருக்கும் இறங்கத் தோன்றவில்லை. மொத்த ஷிப்டும் எளாவூரையும் தாண்டி ஆரம்பாக்கம் வயல்வெளியில் போய் இறங்கி, திரும்பி வர வண்டி இல்லாமல் நின்றது. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் ஆலைக்கு வந்து சேர்ந்தோம்.

அவருடைய தலையாய ரசிகை காசம்மா அக்கா. பழவேற்காட்டு மீனைப் பொன்னேரியில் எடுத்து, கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் விற்பவர். பொன்னேரியில் கூடையோடு ஏறும்போதே, "யோவ் தொடரும், நான் வர்றதுக்கு முந்தி யாரயாவது கொன்னுட்டியா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுவார். அண்ணனும் அவர் வராமல் யாரையும் கொல்ல மாட்டார்.

எல்லாக் கதையையும் முடிப்பவர், ஒரு கதையை மட்டும் முடிக்கவே இல்லை. அதுதான் 'ஒற்றைக் கையுறை வீரன்'. தெற்கத்திச் சீமையில் ஒரு சின்ன கம்பெனி, சொந்தமாக ஓவியர் வைத்துப் போட்ட தொடர். அண்ணன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது வந்த இதழில், கையுறைக்காரன் ஒரு பாதாளத்துக்கு மேலே கயிற்றில் தொங்குகிறான். மேலே வில்லன் கத்தியால் கயிற்றை அறுக்கிறான். பாதி அறுந்துவிட்டது. கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது. அத்தோடு கம்பெனியை மூடிவிட்டார்கள்.

பொன்னேரி பஸ் ஸ்டாண்டு கடையில் அண்ணன் மாசா மாசம் போய்க் கேட்டார். கடைக்காரர் "அடுத்த மாசம் வரும்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கடையையே மூடினார். அண்ணனுக்கு மீசை முளைத்து, கல்யாணமாகி, பெண் காலேஜுக்கும் போய்விட்டாள். கையுறைக்காரன் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தான்.

காசம்மா அக்காவுக்கு இது பொறுக்கவில்லை.

"அந்தக் கிளவுசுக்காரப் புள்ளய நீயே எறக்கி வுடேன்யா. உனுக்கு இன்னா கொறஞ்சிடும்? எத்தினி வருசமா தொங்கிக்கினு கீறான், கை கடுக்காது?"

"அதெப்பிடிக்கா? தொங்க வுட்டவன் ஒருத்தன். நான் எப்பிடி எறக்கறது? வரைஞ்சவன்தான் எறக்கணும்."

"ரொம்பத்தான் ரூல்சு பேசற. சரி, அவனோட இன்னொரு கிளவுசு எங்க போச்சு?"

"அதுவும் சொல்லலக்கா. போடறதுக்குள்ள மூடிட்டாங்க."

இப்படியிருக்கும்போதுதான் அந்த வருஷம் வந்தது. தமிழ் காமிக்ஸ் ரசிகர்களுக்கு இன்றைக்கும் 'அந்த வருஷம்' என்று சொன்னால் கண் மின்னும். செத்துப்போச்சு என்று எல்லாரும் கை கழுவிய காமிக்ஸ் தொழில் திடீரென்று எழுந்து உட்கார்ந்தது. பழைய கம்பெனிகளைப் பிள்ளைகள் தூசி தட்டினார்கள். சாணிக் காகிதம் போய் வழவழ காகிதம் வந்தது. கறுப்பு வெள்ளை போய் கலர் வந்தது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸுக்கென்றே ஒரு கடை போட்டார்கள். அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்ற சிறுவர்கள் எல்லாருக்கும் தொப்பை, பாதிப் பேருக்கு வழுக்கை. ஒருவர் தன் மகனை, "நீ படிக்க மாட்டியாடா?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மகன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அங்கேதான் அந்த அறிவிப்பு தொங்கியது. ஒற்றைக் கையுறை வீரனின் கடைசிப் பாகம், அச்சகப் பரணில் கிடைத்த ஓவியரின் பக்கங்களோடு, இந்த வருஷமே வெளிவருகிறது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை முட்டியது. நான் தோளைத் தொட்டேன்.

"ஸ்டோரு, எனுக்குப் பயமா கீதுடா" என்றார். "செத்துட்டிருந்தான்னா?"

சித்திரையில் வரும் என்றார்கள், வரவில்லை. வைகாசி என்றார்கள், அதுவும் போயிற்று. அண்ணன் மற்ற கதைகளையும் நிறுத்திவிட்டார். வெண்டர் பெட்டியில் மீன் வாசனை மட்டும்தான் மிச்சம். ஆடி மாசம் காசம்மா அக்கா பொறுமையிழந்து பெரியபாளையம் போய்விட்டார். பவானி அம்மன் சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டி நடந்ததை மறுநாள் அவரே சொன்னார்.

"பூசாரி பேரு கேட்டாரு. கிளவுசுன்னேன். ராசி கேட்டாரு. எனுக்கு இன்னா தெரியும்? மலையில கயித்துல தொங்கிக்கினு கீறான், அந்த ராசிதான்னேன். அவரு அப்பிடியே என்னைப் பாத்தாரு. அப்பால சாமி பேருக்கே பண்ணிட்டாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. அக்கா நீட்டிய குங்குமத்தை வாங்கி, பழைய இதழின் கடைசிப் பக்கத்தில், தொங்குகிறவன் நெற்றியில் இட்டார்.

புத்தகம் ஐப்பசி மழையில் வந்தது. அண்ணன் அதை ரெண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பனியனுக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினார். பிரிக்கவில்லை. "யக்கா வரட்டும்" என்றார். பொன்னேரியில் அக்கா ஏறினார். கூடையை இறக்கி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அண்ணன் பிரித்தார். இந்த முறை விரலால் கட்டம் பிடிக்கவில்லை. தனக்குள்ளேயே படித்தார். மூணாவது பக்கத்தில் நிறுத்திவிட்டார். பரணில் கிடைத்த பக்கங்களே அவ்வளவுதான்.

எட்டிப் பார்த்தேன். வில்லன் கயிற்றை அறுத்துவிட்டான். கையுறைக்காரன் விழுந்தான். விழுந்த ஆழம் ஒரு முழம்கூட இருக்காது. அவன் காலுக்குக் கீழேயே, மூடுபனிக்குள், அகலமான ஒரு பாறை இருந்திருக்கிறது. அதில் நின்று, அந்தப் பக்கமாக நடந்து போய்விட்டான். 'முற்றும்' என்று போட்டிருந்தது.

"ஒரு முழம்" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது. "ஒரு முழம்டா ஸ்டோரு! இதுக்கா நான் இத்தினி வருசம் தூங்காம... பாவிங்க. பாறையை அப்பவே வரைஞ்சிருந்தா இன்னா?"

அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆமாம், அன்றைக்குத்தான் அவர் ரயிலில் உட்கார்ந்தார்.

காசம்மா அக்காவுக்கு எழுத்து தெரியாது. படம் தெரியும். புத்தகத்தை வாங்கி, பாறையில் நிற்கிறவனை விரலால் தடவிப் பார்த்தார்.

"எறங்கிட்டானா?"

"எறங்கிட்டான்க்கா."

"கால் ஊனிக்க எடம் இருந்திச்சே, அது போதும். என் ஆத்தா காப்பாத்திட்டா." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று நிமிர்ந்தார். "சரி, அப்பால ஊட்டுக்கு எப்பிடிப் போனான்? இத்தினி வருசம் கழிச்சிப் போறான், நாஷ்டா கீஷ்டா யாருனா குடுத்தாங்களா?"

"அதெல்லாம் இதுல இல்லக்கா. முடிச்சிட்டாங்க."

"அவங்க முடிச்சிட்டாங்கன்னா நீ சொல்லு. எறக்கத்தான் மாட்டேன்ன. எறங்கினவன ஊட்டுக்குக் கூட்டிக்கினு போறதுக்கு இன்னா பேஜாரு உனுக்கு?"

வண்டி கவரப்பேட்டையில் நின்று கிளம்பியது. அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார். தயங்கித் தயங்கி விரல்களைச் சேர்த்துக் கட்டம் பிடித்தார். யாரும் வரையாத ஒரு கதையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"மொத கட்டம். பொன்னேரி ஸ்டேசன். மழை. கிளவுசுக்காரன் நனைஞ்சிக்கினே நம்ம பொட்டியில ஏர்றான். மீன்காரம்மா ஒருத்தி நவுந்து எடம் குடுக்கறா. டப்பாவப் பிரிச்சி நாலு இட்லி குடுக்கறா."

"வடகறியோட" என்றார் காசம்மா அக்கா.

"வடகறியோட. அடுத்த கட்டம். கும்மிடிப்பூண்டி. ஒத்தக் கிளவுசோட வேலைக்குப் போறான். அங்க ஸ்டோருல ஒரு ஆளு. கல்லு மனசுக்காரன். பழசக் குடுத்தாத்தான் புதுசு குடுப்பான். இவன் வெறுங்கைய நீட்டறான். ஸ்டோருக்காரன் அந்தக் கையப் பாக்கறான். கயிறு அறுத்த காயம். ஒண்ணுமே கேக்கல. எழுந்து போயி, இன்னொரு கிளவுச எடுத்தாந்து, தானே மாட்டி வுடறான்."

வண்டி பிளாட்பாரத்தில் நுழைந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல், "தொடரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். நானும் ஆலையை விட்டு வந்து, எழுதிப் பிழைக்கிறேன். என்னை அவ்வளவு நல்லவனாக அதற்கு முன்பும் பின்பும் யாரும் வரைந்ததில்லை.