டமாலின் ஆட்டோ ஸ்டூடியோ

பெங்களூரு டிராஃபிக்கை மனதார வாழ்த்திய ஒரே ஜீவன் டமால்தான். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னொருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், காலில் விழுகிறேன்.

எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லாமல், தானே பாட்டு செய்து தானே வெளியிடும் ஹிப்-ஹாப் ஆசாமி. ஆடுகோடியில் எனக்கு எதிர்வீடு. “பாட்டுல அடி டமால்னு விழணும் மச்சா” என்று நாளெல்லாம் சொன்னதில் பெயர் ஒட்டிக்கொண்டது. ஞானஸ்நானப் பெயர் அவன் அம்மாவுக்கும் ஆதார் கார்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

வீட்டில் உட்கார்ந்தால் ஐயாவுக்கு வேலை ஓடாது. சாதிக் பாயின் ஆட்டோதான் ஸ்டூடியோ. மடியில் லேப்டாப், சீட்டில் குட்டி ஸ்பீக்கர். சிவாஜிநகர் போய்த் திரும்புவதற்குள் ஒரு பாட்டு மிக்ஸ் ஆகிவிடும். “இன்னும் கொஞ்சம் ரெட்டு இருந்தா கோரஸ் முடிஞ்சிருக்கும், ச்சே!” என்று பச்சை விளக்கைத் திட்டுவான். பாய் வராத நாளில் எலெக்ட்ரிக் ஆட்டோ வந்து நின்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவான். “அதுல உயிரே இல்ல மச்சா.”

தீர்ப்பு சொல்வதும் பாய்தான். அவர் தலை ஆடினால் பாட்டு பாஸ். “க்யா பா இது, தூக்கம் வருது” என்றால் போச்சு, மறுபடியும் சிவாஜிநகர்.

அவன் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி ஸ்கூல் டீச்சர். ஒருநாள் வெடித்துவிட்டார். “பூசை முடிஞ்சு ஃபாதர் கேக்கறார், பையன் என்ன பண்றான்னு. ஆட்டோல சுத்தறான்னா சொல்றது?”

என்னைப் பிடித்து என் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் அவனுக்கு வேலையும் பேசி முடித்தார். அப்போதுதான் கோரமங்களா பப் ஒன்றில் அவனுக்கு முதல் ஷோ வந்தது, ஞாயிறு மாலை. ஆன்ட்டி தெளிவாகச் சொல்லிவிட்டார்: “ஜனங்க ஆடினா உன் இஷ்டம். ஆடலைன்னா திங்கக்கிழமை ஆபீஸ் கேப்ல ஏறு.” அவனும் தலையாட்டிவிட்டான், மடையன்.

ஞாயிறன்று ஆன்ட்டி ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு கடைசி மேஜையில் உட்கார்ந்தார். டமால் முதல் பாட்டைப் போட்டான். ஐயோ சாமி! இத்தனை பெரிய ஸ்பீக்கரில் பாட்டு மொட்டையாகக் கேட்டது. கூட்டம் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தது. சவுண்ட் பார்க்கும் மஞ்சு தலையைச் சொறிந்தார். “ஏனோ மிஸ்ஸிங் குரு” என்றார் கன்னடத்தில், ஏதோ குறைகிறதாம்.

டமால் ஸ்பீக்கர் அருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டான். திடீரென்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “மச்சா! நான் இந்தப் பாட்டை இன்ஜின் சத்தம் இல்லாம கேட்டதே இல்ல!”

அடப்பாவி! ஆட்டோ தடதடத்துக்கொண்டே இருந்ததால் கீழ்ச் சத்தத்தை, அதாவது பேஸை, அவன் போடவே இல்லை. பாட்டில் பாதி சாதிக் பாயின் வண்டியில் இருந்தது.

எங்களை இறக்கிவிட்டுக் காத்திருந்த பாயிடம் வாசலுக்கு ஓடினான். “பாய், பின்வாசலுக்கு ரிவர்ஸ் எடு!” ஆட்டோ பின்வாசலில் பிருஷ்டத்தைக் காட்டி நின்றது. செக்யூரிட்டி கத்தக் கத்த, மஞ்சு ஒயரை இழுத்துக்கொண்டு போய் இன்ஜின் பக்கத்தில் மைக்கை வைத்தார். பாய் ஸ்டார்ட்டர் லீவரை இழுத்தார்.

தடதடதடதட!

அதன்மேல் டமால் பாட்டை ஏற்றினான் பாருங்கள், தரை அதிர்ந்தது! அவன் கை காட்டும்போதெல்லாம் பாய் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். அவரும் தலையை ஆட்டினார். ஒரு மேஜை எழுந்தது, அப்புறம் எல்லா மேஜையும் எழுந்தது. பில் கொண்டுவந்த பையன்கள் ஆடினார்கள், செக்யூரிட்டி விசிலை ஊதிக்கொண்டே ஆடினார். “இன்னொன்னு, இன்னொன்னு” என்று தமிழிலும் கன்னடத்திலும் கூச்சல். மேனேஜர் ஓடிவந்து, “அடுத்த வாரமும் வாங்க சார், வண்டியோட வாங்க” என்று டமாலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் பயந்து பயந்து ஆன்ட்டியின் மேஜைக்குப் போனேன். ஹேண்ட்பேக் மேஜையில் கிடந்தது. அவர் நாற்காலிமேல் ஏறி நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குனிந்து காதருகே கத்தினார்: “அந்த வேலைக்கு வேற யாராச்சும் கிடைப்பாங்களாப்பா?”

மறுநாள் காலை கம்பெனி கேப் வந்தது. அவனுக்கென்று போட்டு வைத்த சீட்டு என் பக்கத்தில் காலியாக இருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேரும்வரை அதில் யாரையும் உட்கார விடவில்லை நான்.